வங்கி கேள்வி–பதில்: ‘எல்லாம் சென்டரில்தான் நடக்கிறது’ என்றால் என்ன பொருள்?

காசோலைத் தீர்வு (கிளியரிங்) பற்றி வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வரும் காசோலைகளை எங்கள் தெருவிலுள்ள வங்கிக் கிளையில் செலுத்துகிறேன். பணம் தர வேண்டிய வங்கியும் நான்கு கடை தள்ளித்தான் இருக்கிறது. தாமதம் பற்றி எது கேட்டாலும், “எல்லாம் சென்டரில்தான் நடக்கிறது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை” என்கிறார் மேலாளர். நான்கு கடை தள்ளிப் போக வேண்டிய காசோலை ஏன் ஊர் சுற்ற வேண்டும்? கிளையில் இப்போது என்னதான் செய்கிறார்கள்?
— ஜவுளி வணிகர், கரூர்

பதில்: காசோலை ஊர் சுற்றுவதில்லை, அதன் படம்தான் போகிறது. தாள் உங்கள் வங்கியிடமே தங்கிவிடுகிறது.

முன்பெல்லாம் ஒவ்வோர் ஊரிலும் தீர்வகம் என்று ஓர் இடம் இருக்கும். பெருநகரங்களில் ரிசர்வ் வங்கியும் மற்ற ஊர்களில் பெரும்பாலும் ஸ்டேட் வங்கி அல்லது வேறொரு பொதுத்துறை வங்கியும் அதை நடத்தின. கிளைகளின் எழுத்தர்கள் காசோலைக் கட்டுகளுடன் அங்கே வந்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, கூட்டல் தொகை சரிபார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சிடிஎஸ் எனப்படும் காசோலைப் படமுறைத் தீர்வு 2008 பிப்ரவரியில் புதுதில்லியில் தொடங்கி, 2011 செப்டம்பரில் சென்னைக்கும் 2013 ஏப்ரலில் மும்பைக்கும் வந்தது. 2020 செப்டம்பருக்குள், அதுவரை தனியே இயங்கிவந்த 1,219 தீர்வகங்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. அதன் பிறகும் சுமார் 18,000 கிளைகள் எந்தத் தீர்வு ஏற்பாட்டிலும் சேராமல் இருப்பதாக ரிசர்வ் வங்கி 2021இல் தெரிவித்து, அந்த ஆண்டு செப்டம்பர் 30க்குள் அவையும் சேர வேண்டும் என்று உத்தரவிட்டது.

இப்போது உங்கள் காசோலையின் பின்னால் போவோம். முகப்பில் அதை வாங்குபவர் தேதி, எழுத்திலும் எண்ணிலும் உள்ள தொகை, குறுக்குக் கோடு, பெறுபவர் பெயர் ஆகியவற்றைப் பார்த்து, வங்கியின் பெயருள்ள முத்திரையைக் குத்துகிறார். சலானும் காசோலையும் கட்டாகச் சேர்க்கப்படுகின்றன. பெரிய கிளையாக இருந்தால் அங்கேயே ஸ்கேனர் இருக்கும். சிறிய கிளையாக இருந்தால் கட்டு பையில் ஏறி, அந்த வட்டாரத்துக்கான மையத்துக்கு, அதாவது உங்கள் மேலாளர் சொல்லும் ‘சென்டருக்கு’, போகும். உங்கள் தாமதத்துக்கான காரணத்தைப் பெரும்பாலும் இந்தப் பைப் பயணத்தில்தான் தேட வேண்டும். கிளையிலேயே ஸ்கேன் செய்யும் வங்கிக்கும் மதியம் ஒருமுறை மட்டும் பை அனுப்பும் வங்கிக்கும் இடையே சில வேளைகளில் ஒரு முழு நாள் வேறுபாடு வந்துவிடுகிறது. ஆகவே மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இங்கேயே ஸ்கேன் செய்கிறீர்களா, இல்லையென்றால் பை எத்தனை மணிக்குப் புறப்படும்?”

ஸ்கேனர், காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிட்ட எண்களைப் படிக்கிறது. முதல் ஆறு இலக்கம் காசோலை எண். அடுத்த ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்று ஊரையும் (சென்னை என்றால் 600), நடு மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். அதன் பிறகு கணக்கு தொடர்பான ஆறு இலக்கமும், காசோலையின் வகையைச் சொல்லும் இரண்டு இலக்கமும் வரும். இந்தப் பட்டையின் மேல் கையெழுத்தின் வால் இறங்கினாலோ, முத்திரை விழுந்தாலோ, பின் குத்தினாலோ இயந்திரம் தடுமாறும். பிறகு ஒருவர் கையால் திருத்த வேண்டியிருக்கும். அதே ஓட்டத்தில் மூன்று படங்கள் எடுக்கப்படுகின்றன: முன்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று, சாம்பல் நிறச் சாயல்களுடன் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. படத்தின் தரத்தை மென்பொருள் சோதிக்கிறது. தொகையையும் கணக்கு எண்ணையும் ஊழியர்கள் திரையில் பார்த்துப் பதிவுசெய்ய, வேறொருவர் சரிபார்க்கிறார். பிறகு படங்களும் விவரங்களும் மின்கையொப்பத்துடன் பூட்டப்பட்டு, இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்.பி.சி.ஐ.) நடத்தும் தீர்வகத்துக்குப் போகின்றன. அங்கிருந்து, பணம் தர வேண்டிய வங்கியில் வரும் காசோலைப் படங்களைப் பார்க்கும் உள்வரவு மையத்துக்கு. நான்கு கடை தள்ளியுள்ள கிளை இதில் எங்குமே வராமலிருக்கக்கூடும். அதன் வாடிக்கையாளரின் மாதிரிக் கையெழுத்தும் இருப்பும் வங்கியின் மைய மென்பொருளில் இருப்பதால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒருவரே அந்தக் காசோலையை ஏற்கவோ திருப்பவோ முடியும்.

நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து காசோலை வரும் கிளைக்குத் தனி இயந்திரம், தனிப் பயிற்சி, தனி ஆள் என்று வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால்தான் வங்கிகள் இந்த வேலையை மையங்களில் குவித்தன. கணக்குப் பார்த்தால் அது சரியான முடிவே. ஆனால் “எங்கள் கையில் ஒன்றும் இல்லை” என்பதை நான் ஏற்கமாட்டேன். தாளைத் தொட்டுப் பார்க்கும் கடைசி இடம் பணம் வசூலிக்கும் வங்கிதான். எதிர்த்தரப்பு வங்கிக்குப் படம் மட்டுமே தெரியும். நீர்க்குறி இருக்கிறதா, புற ஊதா விளக்கில் வங்கியின் சின்னம் ஒளிர்கிறதா, எழுத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் படத்தில் புலப்படாது. இதனால்தான் 2002இல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தியபோது, காசோலை மேற்பார்வைக்கு உண்மையானதாக இருக்கிறதா, மோசடியோ போலியோ திருத்தமோ தெரிகிறதா என்று தகுந்த கவனத்துடன் சரிபார்க்கும் கடமையை வசூலிக்கும் வங்கியின் மேல் சுமத்தினார்கள். கிளையிலிருந்து அதிகாரம் போயிருக்கலாம், பொறுப்பு போகவில்லை.

கேள்வி: இப்போதெல்லாம் காசோலை போட்ட அன்றே பணம் வருகிறது என்கிறார்கள். சப்ளையருக்குக் காசோலை கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வசூல் பணத்தைக் கட்டுவது என் வழக்கம். இனி அது முடியாதா?
— மளிகை மொத்த வியாபாரி, விருதுநகர்

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏற்பாட்டில் ஒரு நாள் முழுவதும் வந்த காசோலைகள் தொகுதியாகப் போகும். திருப்ப வேண்டியவற்றை எதிர்வங்கி மறுநாள் திருப்பும். அந்த இடைவெளியில்தான் நீங்களும் இன்னும் எத்தனையோ வியாபாரிகளும் காலம் தள்ளினீர்கள். 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி தொடர் தீர்வு முறையைக் கொண்டுவந்திருக்கிறது. தொகுதி சேரும் வரை காத்திராமல், கிளைக்கு வரும் காசோலையை உடனுக்குடன் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அறிமுகமானபோது இதற்கான நேரம் காலை 10 முதல் மாலை 4 மணி வரை என்று வைக்கப்பட்டது. படம் வந்ததும் எதிர்வங்கி ஏற்கிறேன் அல்லது திருப்புகிறேன் என்று பதில் சொல்லத் தொடங்க வேண்டும். அதற்குக் கெடு மாலை 7 மணி. அதற்குள் பதில் வராத காசோலை ஏற்கப்பட்டதாகவே கருதப்பட்டுத் தீர்வில் சேர்க்கப்படும். வங்கிகளுக்கிடையேயான பணத் தீர்வு முற்பகல் 11 மணியிலிருந்து மணிக்கொரு முறை நடக்கிறது. அது முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் கணக்கில் பணத்தை விடுவிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் சப்ளையர் காலையில் காசோலையைப் போட்டால், பிற்பகலிலேயே உங்கள் கணக்கில் இருப்பு பார்க்கப்படலாம். படம் வந்த மூன்று மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இரண்டாம் கட்டத்தை 2026 ஜனவரி 3இல் தொடங்குவதாக அறிவித்துப் பிறகு ஒத்திவைத்தார்கள். அது வந்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். பணத்தைக் கட்டிவிட்டுக் காசோலையில் கையெழுத்திடுவது ஒன்றே வழி. அல்லது சப்ளையரிடம் பேசி, பிந்தைய தேதியிட்டுக் கொடுங்கள். தேதிக்கு முன்பே அவர் போட்டால் மையம் திருப்பிவிடும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மருத்துவமனைக்கு நான் கொடுத்த காசோலை ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று திரும்பிவிட்டது. அதே கிளையில் எனக்கு முப்பது ஆண்டுகளாகக் கணக்கு. அங்குள்ளவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்புக்குக் கூட நேரமில்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: உங்களைத் தெரிந்தவர்கள் அந்தக் காசோலையைப் பார்க்கவே இல்லை, அம்மா. மையத்தில் இருப்பவரின் திரையில் ஒரு பாதியில் காசோலையின் படம், மறு பாதியில் உங்கள் மாதிரிக் கையெழுத்து. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அந்த மாதிரியும் பல கணக்குகளில், வங்கி கணினிமயமானபோது பழைய அட்டையிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டது. முப்பது வயதில் போட்ட கையெழுத்தோடு அறுபது வயதில் நடுங்கும் கையால் போட்டதை ஒப்பிட்டு, சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். தவறாக ஏற்றுவிட்டால் பணப்பொறுப்பு வங்கிக்கு. தவறாகத் திருப்பினால் உங்களுக்கு ஒரு கடிதமும் மன வருத்தமும். ஐயம் வந்தால் திருப்பு என்பதே மையத்தின் இயல்பு.

ஐயத்துக்குரிய காசோலைகளைத் திருப்புவதற்கு முன் கிளைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் ஏற்பாடு பல வங்கிகளில் இருக்கிறது. ஆனால் கிளையில் அதைப் பார்க்க வேண்டியவர் முகப்பு வேலையில் மூழ்கியிருந்தால் கெடு கடந்துவிடும். தொடர் தீர்வு வந்த பிறகு அந்த அவகாசமும் குறைந்துவிட்டது. தீர்வு வேகத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்த விலையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. அடையாளச் சான்றுடன் கிளைக்குச் சென்று, இப்போது போடும் கையெழுத்தைப் புதிய மாதிரியாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். கை நடுக்கம் கூடுதலாக இருந்தால், பிள்ளைகளில் ஒருவரைச் சேர்த்து ‘இருவரில் ஒருவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுவது பற்றியும் யோசிக்கலாம். பதிவானதும் “கணினியில் ஏறிவிட்டதா, காட்டுங்கள்” என்று கேட்டுத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். படிவம் மேசை இழுப்பறையிலேயே கிடந்து, பழைய மாதிரி திரையில் தொடர்ந்துகொண்டிருப்பது நடக்காத காரியமல்ல. புதிய கையெழுத்து ஏறும் வரை மருத்துவமனைக்கு வேறு காசோலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தொகையில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தி, பக்கத்தில் முழுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். முன்பு ஏற்ற காசோலை இப்போது ஏன் திரும்புகிறது?
— அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: படமுறைத் தீர்வில் தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு எந்தத் திருத்தத்துக்கும் இடமில்லை. பெயர், எண்ணில் தொகை, எழுத்தில் தொகை ஆகிய எதில் கை வைத்தாலும், கையெழுத்திட்டிருந்தாலும், புதிய காசோலைதான் எழுத வேண்டும். நீங்களே திருத்தினீர்களா, வேறொருவர் திருத்தினாரா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதே காரணம்.

கேள்வி: மனை வாங்குவதற்காக ரூ. 6 லட்சத்துக்குக் காசோலை கொடுத்தேன். கணக்கில் பணம் இருந்தது, கையெழுத்தும் சரி. இருந்தும் திருப்பிவிட்டார்கள். ‘பாசிட்டிவ் பே’ செய்யவில்லை என்கிறார்கள். இது என்ன புதுக் கதை?
— அரசு ஊழியர், தஞ்சாவூர்

பதில்: புதிதல்ல, 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. பெரிய தொகைக்குக் காசோலை எழுதியவர் அதன் எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை வங்கியின் செயலி, இணையதளம், குறுஞ்செய்தி, ஏடிஎம் போன்ற ஏதாவதொரு வழியில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காசோலைப் படம் தீர்வுக்கு வரும்போது அந்த விவரத்துடன் ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கை எழும். ரூ. 50,000மும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு இந்த வசதியை வங்கிகள் தர வேண்டும், ரூ. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கட்டாயமாக்கிக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி உண்டு. உங்கள் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது.

இதைத் தொல்லையாகப் பார்க்க வேண்டாம். உள்வரவு மையத்தில் உங்களைத் தெரிந்தவர் எவரும் இல்லாத நிலையில், “இந்தக் காசோலை நான் எழுதியதுதான்” என்று நீங்கள் நேரடியாகச் சொல்ல இருக்கும் ஒரே வாய்ப்பு இது. மேலும், தீர்வு அமைப்பில் தகராறு எழும்போது இப்படி விவரம் பதிவான காசோலைகளையே தகராறு தீர்வு ஏற்பாடு எடுத்துக்கொள்ளும். பெயரைக் காசோலையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவுசெய்யுங்கள். காசோலையில் தலைப்பெழுத்து முன்னாலும் பதிவில் பின்னாலும் இருந்து பொருந்தாமல் போவதுண்டு. காசோலையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பதிவை முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: எனக்கு வந்த காசோலை பணமில்லை என்று திரும்பியது. கணக்கு இருப்பது கோவில்பட்டியில். போட்டது மதுரையில் உள்ள கிளையில். திருப்பியது சென்னை மையம். வழக்கை எந்த ஊரில் போடுவது?
— தீப்பெட்டித் தொழில் முகவர், கோவில்பட்டி

பதில்: உங்கள் கணக்கு உள்ள கிளை எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ, அங்கே. 2015இல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142ஆம் பிரிவைத் திருத்தி இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். உங்கள் வங்கியின் எந்தக் கிளையில் செலுத்தினாலும், கணக்கு இருக்கும் கிளையில் செலுத்தியதாகவே சட்டம் கருதும். எனவே மதுரைக் கிளையும் சென்னை மையமும் கணக்கில் வரமாட்டா.

நாள் கணக்கில்தான் கவனம் வேண்டும். காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் காசோலை கொடுத்தவருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அது அவருக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். மையம் திருப்பிய செய்தி உங்கள் கைப்பேசிக்கு ஒரு நாளும், திருப்பு குறிப்பும் காசோலையும் கிளையிலிருந்து உங்கள் கைக்கு வேறொரு நாளும் வரலாம். முந்தைய நாளிலிருந்தே எண்ணத் தொடங்குவது பாதுகாப்பு. குறிப்பில் காரணமும் தேதியும் வங்கியின் முத்திரையும் இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிளையில் காசோலையைப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள், ஒப்புகை கேட்டால் முறைக்கிறார்கள். சென்ற மாதம் போட்ட ஒன்று பத்து நாள் கழித்து வரவானது. யாரிடம் முறையிடுவது?
— இல்லத்தரசி, வேலூர்

பதில்: பெட்டி உங்கள் வசதிக்காக வைக்கப்பட்டது, உங்களைக் கவுண்டரிலிருந்து விரட்டுவதற்காக அல்ல. நேரில் காசோலையைக் கொடுத்து ஒப்புகை கேட்பவருக்கு எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்றும், இந்த உரிமை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி பெட்டியின் மேல் எழுதியிருக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. சலானின் அடிக்கட்டையில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூட்டம் மிகுந்த கிளையென்றால் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டால், அதை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். அதற்குப் பின் போட்டது மறுநாள் கணக்கு.

பத்து நாள் தாமதத்துக்கு நீங்கள் கேட்காமலேயே வட்டி வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வங்கியும் காசோலை வசூல் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. தாமதத்துக்கு என்ன இழப்பீடு என்பது அதில் இருக்கும். உள்ளூர்க் காசோலைகளுக்குக் குறைந்தது சேமிப்புக் கணக்கு வட்டி. கிளைக்கு எழுத்தில் முறையிட்டு, புகார் எண் பெறுங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் செல்லலாம், கட்டணம் இல்லை. ‘சென்டரில் தாமதம்’ என்பது வங்கியின் உள்விவகாரம். மையமும் அதே வங்கிதான்.

வங்கி, கணினி, தொடர்புக் கோளாறு போல உங்கள் தவறில்லாத தொழில்நுட்பக் காரணத்தால் ஒரு காசோலை திரும்பியிருந்தால், நீங்கள் மறுபடி வந்து கொடுக்க வேண்டியதில்லை. 24 மணி நேரத்துக்கு மிகாமல் அடுத்த தீர்விலேயே வங்கி தானாக மீண்டும் அனுப்பி, உங்களுக்குக் குறுஞ்செய்தி தர வேண்டும்.

கேள்வி: பணம் கொடுத்து முடிந்த காசோலையின் அசலைத் திரும்பப் பெற முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அசல் இருப்பது பணத்தைப் பெற்றவரின் வங்கியிடம், அதைப் பத்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். உங்களுக்குப் பெரும்பாலும் படத்தின் நகலே போதும். உங்கள் கிளையில் விண்ணப்பித்தால் தருவார்கள். கையெழுத்துப் போலி என்று வழக்குப் போடுவதானால் அசல் தேவைப்படும். அதை எதிர்வங்கியிடமிருந்து வரவழைக்கச் சொல்லி உங்கள் வங்கியிடம் உடனே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கொடுத்தவருக்கும் எனக்கும் ஒரே வங்கியில்தான் கணக்கு, கிளைதான் வேறு. இந்தக் காசோலையும் மையத்துக்குப் போகுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: தேவையில்லை. இரண்டு கணக்குகளும் ஒரே மைய மென்பொருளில் இருப்பதால், உங்கள் கிளை அதிகாரியே திரையில் கையெழுத்தையும் இருப்பையும் பார்த்து அங்கேயே மாற்றிவிடலாம். பெட்டியில் போட்டால் மற்ற காசோலைகளுடன் கட்டில் சேர்ந்து தாமதமாகக்கூடும். “இது நம் வங்கிக் காசோலை” என்று சொல்லிக் கவுண்டரில் கொடுங்கள்.